மூன்றாவது ஃபீடர், இருபது

என் மகள் பெங்களூரில் கணினி வேலை பார்க்கிறாள். போன மாதம் வந்திருந்தபோது, காலையில் சாப்பாட்டு மேசையிலேயே மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரையில் வரிவரியாக ஏதோ ஓடியது. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் 'ஓகே', 'ஓகே' என்று விழுந்தது. என்ன கர்மம் இது என்று கேட்டேன்.

"செட்டிங்ஸ் எழுதி வெச்சிருக்கற ஃபைலைச் சரிபார்க்குதுப்பா. ஷெல் ஸ்கிரிப்ட்டுன்னு பேரு. தினம் நாம ஒவ்வொண்ணாப் பார்க்கறதுக்குப் பதிலா அது பார்த்துச் சொல்லிடும்."

"ஓகேன்னா என்ன அர்த்தம்? பார்த்துட்டேன்னு அர்த்தமா, சரியா இருக்குதுன்னு அர்த்தமா?"

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "கவனமா எழுதலைன்னா ரெண்டும் ஒண்ணாப் போயிடும்ப்பா. உள்ள மதிப்பு தப்பா இருந்தாலும், பார்க்கற வேலை முடிஞ்சதுன்னாலே ஓகேன்னு காட்டிடும். புதுசா வர்ற எல்லாரும் பண்ற தப்பு இது. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எனக்கு எப்படித் தெரியும்! தட்டில் கை கழுவிவிட்டு எழுந்துவிட்டேன். எனக்குத் தெரிந்த விதத்தை ஐம்பது வருடமாக யாரிடமும் சொன்னதில்லை. கட்டியவளிடம்கூடச் சொல்லவில்லை.

எழுபதுகளின் தொடக்கம். கம்பைநல்லூருக்கும் அரூருக்கும் நடுவில் ஒரு சின்ன துணை மின் நிலையத்தில் நான் ஆபரேட்டர். ஊர்ப் பெயர் வேண்டாம். வயது இருபத்தைந்து, அரசாங்கச் சம்பளம், கல்யாணமாகி ஆறு மாதம். தலைக்கனத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அங்கிருந்து நான்கு மின்பாதைகள் கிராமங்களுக்குப் போயின. ஃபீடர் என்போம். ஒவ்வொரு ஃபீடருக்கும் கண்ணாடி மூடி போட்ட ஒரு கறுப்புப் பெட்டி சுவரோரப் பலகையில் இருக்கும். அதுதான் எர்த்து ரிலே. எங்கேயாவது கம்பி அறுந்து தரையில் விழுந்தால், மண்ணுக்குள் கசியும் மின்சாரத்தை அது கண்டுபிடித்து லைனைத் தானாக நிறுத்திவிட வேண்டும். எவ்வளவு கசிந்தால் நிறுத்துவது என்பதைச் சொல்ல உள்ளே ஒரு வரிசைத் துளைகள் இருந்தன. இருபதில் தொடங்கி எண்பதில் முடியும். சுண்டுவிரல் நீளப் பித்தளை முளை ஒன்றை எந்தத் துளையில் செருகுகிறோமோ அதுதான் செட்டிங். இருபதில் இருந்தால் சின்னக் கசிவுக்கே விழித்துக்கொள்ளும். எண்பதில் இருந்தால் பெரிய கசிவு வரும்வரை தூங்கும்.

எந்த ரிலே எதில் இருக்க வேண்டும் என்று தட்டச்சு செய்த தாள் ஒன்றை அட்டையில் ஒட்டி, சணல் கயிற்றில் மாட்டியிருந்தார்கள். தினம் காலை எட்டு மணிக்கு ஆபரேட்டர் அந்த அட்டையை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு ரிலேயின் முன்னாலும் நின்று, கண்ணால் பார்த்து, பதிவேட்டில் டிக் போட்டுக் கையெழுத்திட வேண்டும். 'கண்ணால் பார்த்து' என்றே அதில் இருந்தது.

நான் சோம்பேறி. இன்றைக்கு வரைக்கும் அப்படித்தான். ஜன்னலோர மேசையில் காற்று நன்றாக வரும். அங்கே உட்கார்ந்துகொண்டு அட்டையைச் சத்தமாக வாசிப்பேன். பலகைக்கு முன்னால் ஹெல்பர் நின்று பார்த்துப் பதில் சொல்வார். நான் பலகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டிக் போடுவேன். மற்ற ஆபரேட்டர்கள் அரை மணி நேரம் செய்வதை நான் பத்தே நிமிடத்தில் முடிப்பேன் என்று பெருமை வேறு. தூ!

ஹெல்பருக்கு நாற்பது வயதிருக்கும். அஞ்செட்டிப் பக்கத்து ஆள், வீட்டில் கன்னடம் பேசுகிறவர். ஏழு வருடமாகத் தினக்கூலி. நிரந்தரமாக்கும் பட்டியலில் அந்த வருடம்தான் பெயர் ஏறியிருந்தது. நிலைய வளாகத்திலேயே ஒரு தகரக் கொட்டகையில் மனைவியோடும் பதினான்கு வயது மகளோடும் இருந்தார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவரை நான் 'வாய்யா, போய்யா' என்றுதான் கூப்பிட்டேன். எழுதும்போது 'அவர்' என்று வருகிறது. எழுத்தில் மரியாதை கொடுக்க என்ன செலவு?

அவர் தமிழ் நன்றாகப் பேசுவார். ஆனால் நடுநடுவே ஒரு சொல் மட்டும் ஊரிலிருந்து கூடவே வந்தது. 'ஆய்த்து.' "யோவ், தண்ணி கொண்டா." "ஆய்த்து சாமி." "முற்றத்துல புல்லு மண்டிக் கெடக்குது பாரு." "ஆய்த்து சாமி." காலையில் நான் வாசிப்பேன்: "ஒண்ணாவது ஃபீடர், எர்த்து, இருபது." "ஆய்த்து." "ரெண்டாவது ஃபீடர், எர்த்து, இருபது." "ஆய்த்து." எனக்கு அது 'ஆயிற்று' என்று கேட்டது. கன்னடத்தான் வாயில் நம்ம 'ஆயிருச்சு' இப்படிக் கொழகொழவென்று வருகிறது என்று நினைத்தேன். மனைவியிடம் அதைச் சொல்லிக் காட்டிச் சிரித்தும் இருக்கிறேன். செட்டிங் தினம் சரியாகவே இருந்ததால், அவர் எந்த அர்த்தத்தில் சொன்னாலும் என் டிக் சரியாகவே இருந்தது.

அது ஆடி மாதம். காற்றென்றால் அப்படி ஒரு காற்று. மூன்றாவது ஃபீடரில் எங்கோ மரக்கிளை உரசி உரசி, லைன் அடிக்கடி நின்றுகொண்டிருந்தது. முந்தின நாள் சாயங்காலம் விவசாயிகள் பத்துப் பேர் வந்து, மோட்டார் ஓடவில்லை, பயிர் காய்கிறது என்று சத்தம் போட்டிருக்கிறார்கள். சாயங்கால ஷிப்ட் ஆபரேட்டர் ஹெல்பரைக் கூப்பிட்டு, "மூணாவது முளையை எண்பதுல போடுய்யா, தொந்தரவு இருக்காது, காலைல பாத்துக்கலாம்" என்று சொல்லியிருக்கிறார். ஹெல்பர் மூடியைக் கழற்றி மாற்றியிருக்கிறார். பதிவேட்டில் ஒரு எழுத்துக்கூட இல்லை. காலையில் வந்த எனக்கு இது எதுவும் தெரியாது.

எட்டு மணிக்கு வாசிக்க ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு. "மூணாவது ஃபீடர், எர்த்து, இருபது."

ஒரு நொடி தாமதம். அது என் காதில் விழுந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். அப்புறம், "ஆய்த்து சாமி."

டிக் போட்டேன். நாலாவதும் முடிந்தது. அவர் என் மேசைப் பக்கம் வந்து, "சாமி, அந்த ஸ்குரு டைவரு பீரோவுல..." என்று ஆரம்பித்தார்.

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் போய்யா. பாலக்கோட்டுல இருந்து எங்க மாமியா வூட்டுக் கூடை பஸ்ஸுல வருது. ரோட்டுக்குப் போயி எறக்கு. வுட்டா கண்டக்டரு திருவண்ணாமலைக்கே கொண்டு போயிருவான்."

"இல்ல சாமி, அந்த மூணாவது..."

"போய்யான்னா!"

போனார். தார்ச்சாலைக்கு ஒன்றரை மைல். பஸ் எப்போதும்போலத் தாமதம்.

ஒன்பதரை மணி வாக்கில் மூன்றாவது ஃபீடரின் மீட்டர் முள் ஒரு துள்ளு துள்ளி இறங்கியது. ஏதோ பெரிய மோட்டார் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். லைன் நிற்கவில்லை. நிற்காததால் எனக்குக் கவலையும் இல்லை. ரிலே பார்த்துக்கொள்ளும் அல்லவா?

கொஞ்ச நேரத்தில் ஒருவர் சைக்கிளைக் கேட்டில் போட்டுவிட்டு ஓடி வந்தார். "லைன ஆஃப் பண்ணுங்க! ஆஃப் பண்ணுங்க! ஒயரு அறுந்து கேழ்வரகுக் கொல்லையில கெடக்குதுங்க! ஆளு வுழுந்துருச்சு!"

கையால் நிறுத்தினேன். அப்புறம்தான் எழுந்து பலகைக்கு முன்னால் போய், அன்றைக்கு முதல் தடவையாக ரிலேயைக் கண்ணால் பார்த்தேன். மூன்றாவது முளை எண்பதில் இருந்தது.

செத்தவர் இரண்டு ஏக்கர் வைத்திருந்த விவசாயி. அறுந்த கம்பி பக்கம் மாடு போகிறதே என்று கயிற்றைப் பிடித்து இழுக்கப் போயிருக்கிறார். மாடும் போய்விட்டது, அவரும் போய்விட்டார். கம்பி விழுந்ததற்கும் அவர் போனதற்கும் நடுவில் ஐந்து நிமிடமாவது இருந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். ஐந்து நிமிடம் அந்தக் கம்பி உயிரோடு கிடந்திருக்கிறது.

காய்ந்த மண்ணில் இருபதாக இருந்தாலும் நின்றிருக்குமா என்று சொல்ல முடியாது என்று ஓர் இன்ஜினியர் பிற்பாடு என்னிடம் சொன்னார். ஆறுதலாகத்தான் சொன்னார். நானும் பல நாள் அதைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தேன். பயனில்லை.

ஹெல்பர் தலையில் தக்காளிக் கூடையோடு கேட்டுக்குள் நுழைந்தார். நான் நடு முற்றத்தில் நின்று கத்தினேன்.

"ஆயித்து ஆயித்துன்னியேய்யா! எண்பதுல இருக்குது! ஏன்யா பொய் சொன்ன?"

அவர் கூடையை இறக்கவும் மறந்துபோய் நின்றார். "நேத்து அந்தய்யா எண்பதுல போடச் சொன்னாருங்க சாமி. இன்னிக்கி நீங்க இருபதுன்னீங்க. சரி, இருபதுக்கு மாத்தச் சொல்றீங்கன்னு 'ஆய்த்து'ன்னேன். ஸ்குரு டைவரு கேக்க வந்தேன். நீங்க பஸ்ஸுக்கு அனுப்பிட்டீங்க."

"அப்ப ஆயித்துன்னு ஏன்யா சொன்ன?"

"ஆய்த்துன்னா சரிங்கன்னு தானே சாமி? செஞ்சு முடிச்சிருந்தா ஆயிருச்சுன்னு சொல்லியிருப்பேனே!"

அவர் சொன்னது உண்மை. ஒரு வருடமாக என் காதுக்குள் அந்த இரண்டு சொல்லும் தனித்தனியாகத்தான் இருந்திருக்கின்றன. தண்ணீர் கொண்டுவரச் சொன்னால் 'ஆய்த்து.' கொண்டுவந்து வைத்த பிறகு 'ஆயிருச்சு சாமி.' புல் வெட்டச் சொன்னால் 'ஆய்த்து.' வெட்டி முடித்துக் கை கழுவிக்கொண்டு வந்து 'ஆயிருச்சு சாமி.' ஒரு தடவைகூட அவர் மாற்றிச் சொன்னதில்லை. நான்தான் காது கொடுக்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் அந்தத் தக்காளியை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். மனைவி ரசம் வைத்தாள். சாப்பிட்டேன்.

மூன்றாம் நாள் செத்தவரின் மனைவி வந்தார். கூட யாரும் இல்லை. கேட்டுக்கு வெளியே நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "ஒயரு அறுந்தா லைனு தானா நின்னுருமாமே, அய்யா? ஏன் நிக்கல?"

"விசாரிக்கறாங்கம்மா" என்றேன்.

"ஒங்களுக்குத் தெரியாதுங்களா?"

"விசாரிக்கறாங்கம்மா."

அவர் திரும்பிப் போனார். என் பின்னால் முற்றத்தில் ஹெல்பர் புல் வெட்டிக்கொண்டிருந்தார். அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

விசாரணைக்கு மேலேயிருந்து ஓர் அதிகாரி வந்தார். எங்கள் கட்டுப்பாட்டு அறையிலேயே மேசை போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் தட்டச்சர். சாயங்கால ஷிப்ட் ஆபரேட்டர், முளையை மாற்றத் தான் சொல்லவே இல்லை என்று ஒரே போடாகப் போட்டார். பதிவேட்டில் இல்லை, சாட்சி இல்லை, முடிந்தது. அப்புறம் என்னைக் கூப்பிட்டார்கள்.

"நீ செட்டிங் செக் பண்ணியா?"

"பண்ணினேன் சார். டிக் இருக்குதுங்க சார்."

"கண்ணால பாத்தியா?"

இந்த இடத்தில் நான் நின்றேன். பார்க்கவில்லை என்றால் வேலை போகும். பார்த்தேன் என்றால் எண்பதைப் பார்த்துவிட்டு இருபது என்று டிக் போட்டதாகிவிடும், ஜெயிலுக்கே போகலாம். "நான் வாசிச்சேன் சார், ஹெல்பர் பார்த்துச் சொன்னாரு" என்றேன்.

"என்ன சொன்னான்?"

"ஆயித்துன்னு சொன்னாருங்க."

அதிகாரி தட்டச்சர் பக்கம் திரும்பி, "'ஆயிற்று' என்று கூறினார்" என்றார். சாவிகள் டக் டக்கென்று விழுந்தன. கதவோரம் கைகட்டி நின்ற ஹெல்பரைப் பார்த்துக் கேட்டார்: "நீ அப்படிச் சொன்னியா?"

"ஹவுது சாமி. ஆய்த்துன்னேன்."

"அவனே ஒத்துக்கறான்" என்றார் அதிகாரி.

ஹெல்பர் என்னைப் பார்த்தார். பயந்துபோய்ப் பார்க்கவில்லை. இனிமேல் இந்த அய்யா விளக்கிச் சொல்லிவிடுவார் என்று நம்பிக்கையாகப் பார்த்தார். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அந்த அறையில் அவரைத் தவிர எனக்கு மட்டும்தான் தெரியும். 'சார், அவங்க பேச்சுல அதுக்கு சரிங்கன்னு அர்த்தம்.' ஒரே வரி. சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி, அப்படியானால் நீ ஏன் எழுந்து பார்க்கவில்லை என்பதுதான். அதற்கடுத்த கேள்வி, வேலை நேரத்தில் அவரை எங்கே அனுப்பினாய் என்பது. நான் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தட்டச்சு செய்த வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினார்கள். புத்தகத் தமிழில் இருந்தது. 'ஆயிற்று' என்ற இடம் வந்தபோதும் ஹெல்பர் தலையை ஆட்டினார். அடியில் கன்னட எழுத்தில் கையெழுத்துப் போட்டார். இது என்னய்யா எழுத்து என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

உத்தரவு வர ஒரு மாதம் ஆனது. எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். அவருக்கு, அனுமதியின்றிச் செட்டிங்கை மாற்றியதற்காகவும், 'பொய்யான தகவல் அளித்து' ஆபரேட்டரைத் திசைதிருப்பியதற்காகவும், பட்டியலிலிருந்தும் கூலிக் கணக்கிலிருந்தும் பெயர் நீக்கம். ஏழு வருட உழைப்பு போயிற்று. சாயங்கால ஷிப்ட்காரர் என் தோளைத் தட்டி, "தலைக்கு வந்தது தலப்பாவோட போச்சு, வுடுங்க" என்றார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவம் இரண்டு இடத்தில் இருந்தது, பழிதான் மூன்றாவது ஆளிடம் போய்ச் சேர்ந்தது.

அவர் கொட்டகையைக் காலிபண்ணிய காலையில் நான்தான் ஷிப்ட். டார்ச்சையும் மழைக்கோட்டையும் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "எல்லாம் ஒப்படைச்சாச்சு. ஆயிருச்சு சாமி" என்றார். வேண்டுமென்றே சொன்னாரா, வழக்கமாகச் சொன்னாரா தெரியாது. மனைவி தலையில் பாத்திர மூட்டையோடும், பெண் கையில் கோழியோடும் கேட்டருகே நின்றிருந்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு பதிவேட்டில் நேற்றைய தேதிக்குக் கீழே கோடு போட்டேன்.

அதற்குப் பிறகு பணி ஓய்வு வரைக்கும் நான் ஒரு ரிலேயையும் கண்ணால் பார்க்காமல் டிக் போட்டதில்லை. மூடிக்கு ஒரு சாண் தூரத்தில் மூக்கை வைத்துப் பார்ப்பேன். ஒருமுறை பார்த்துவிட்டு வந்து, மறுபடியும் எழுந்து போய்ப் பார்ப்பேன். பையன்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம், வேறென்ன?

மூன்று வருடம் கழித்து மாமியார் வீட்டு விசேஷத்துக்குப் பாலக்கோடு போனேன். மறுநாள் காலையில் எனக்கே தெரியாமல் அஞ்செட்டிக்குப் பஸ் ஏறிவிட்டேன் என்று எழுத ஆசைதான். ஆனால் தெரிந்துதான் ஏறினேன். மூன்று பஸ் மாறினேன். விசாரித்து விசாரித்துப் போனால், யாரோ ஒருவரின் மல்பெரித் தோட்டத்தில் ஹெல்பர் வரப்பு வெட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுத் துண்டை இடுப்புக்கு இறக்கினார். அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"துண்ட மேல போடுங்க" என்றேன். முதல் தடவையாக அவருக்கு 'ங்க' போட்டேன். அவர் அதைக் கவனித்த மாதிரித் தெரியவில்லை.

மரத்தடியில் உட்கார்ந்தோம். சொன்னேன். "அன்னிக்கு விசாரணையில நான் சொல்லியிருக்கணும். ஒங்க சொல்லுக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் வாய மூடிக்கிட்டு நின்னேன்."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்றுதான் போயிருந்தேன். அவர் எழுந்து வீட்டுக்குப் போய், நாலாக மடித்த ஒரு காகிதத்தைக் கொண்டுவந்தார். அந்த உத்தரவு. மடிப்பு மடிப்பாகக் கிழிய ஆரம்பித்திருந்தது.

"வாத்தியாரு படிச்சுச் சொன்னாரு சாமி. பொய்யின்னு போட்டுருக்குதாமே. வேலை போனாப் போவுது. ஆளக் கொன்னவன், அதுக்கு மேல பொய்யும் சொன்னவன்னு ஊருல பேசிக்கறாங்க. எம் பொண்ணப் பாக்க வந்தவங்க ரெண்டு தடவ திரும்பிப் போயிட்டாங்க. நான் பொய் சொல்லலைன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க சாமி. இலாகா சீலு போட்ட காயிதத்துல. நாலு பேருக்குக் காட்டணும்."

"எழுதித் தர்றேன்."

"நிச்சியமா?"

"ஆய்த்து" என்றேன், அவர் பேச்சிலேயே. அவர் முகம் மலர்ந்தது. பஸ் வரைக்கும் கூட வந்தார். எனக்கு இளநீர் வாங்கிக் கொடுத்து, காசு கொடுக்கப்போன என் கையைத் தள்ளிவிட்டார்.

எழுதினேன். மேலதிகாரிக்கு ஒரு மனு, இரண்டு பக்கம். அன்றைக்கு நான் உட்கார்ந்தே வாசித்தது, கூடைக்காக அவரை அனுப்பியது, அந்தச் சொல், எல்லாம். அதை மேசை இழுப்பறையில் வைத்தேன். அந்த மாதம் பதவி உயர்வுப் பட்டியல் வரவிருந்தது, அது வரட்டும் என்று. பட்டியல் வந்தது, என் பெயர் இருந்தது. புது இடத்தில் உறுதியாகட்டும் என்று. அப்புறம் மனைவிக்குப் பிரசவம். காரணத்துக்கா பஞ்சம்?

அரூருக்கு மாற்றலாகி வந்த பிறகு ஒரு நாள், பழைய நிலையத்து முகவரி அடித்துத் திருத்திய ஒரு தபால் அட்டை எனக்கு வந்தது. கன்னட எழுத்து. கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த பாய் சரக்கெடுக்கப் பெங்களூர் போய் வருகிறவர், கன்னடம் எழுதப் படிக்கத் தெரியும். அவரிடம் கொண்டு போனேன்.

பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டே வரிதான் சார். 'பொண்ணுக்கு ஒரு எடம் வந்திருக்குது. காகிதம் ஆய்த்தா?'ன்னு கேட்டிருக்காரு. ஆயிருச்சான்னு அர்த்தம்."

"ஆய்த்துன்னா சரிங்கன்னு அர்த்தம் இல்லீங்களா பாய்?"

"சரிங்கன்னும் சொல்லுவாங்க, முடிஞ்சிருச்சுன்னும் சொல்லுவாங்க. கேக்கற கேள்வியப் பொறுத்து. இங்க கேள்வியே ஆயிருச்சான்னுதான். பதில் எழுதணும்ங்களா? அட்டை இருக்குது."

கடையில் கூட்டமில்லை. எதிரே டீக்கடையில் யாரோ யாரையோ கேலி பண்ணிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கூடவே கொண்டுவந்த மனு இழுப்பறையில் தயாராகத்தான் இருந்தது. அன்றைக்கு மத்தியானமே தபாலில் சேர்த்திருக்கலாம்.

"எழுதுங்க பாய். 'ஆய்த்து'ன்னு."

பாய் பேனாவைத் திறந்துவிட்டு நிறுத்தினார். "வெறும் ஆய்த்துன்னு போட்டா, முடிஞ்சிருச்சுன்னுதான் எடுத்துக்குவாரு சார். இனிமேதான் செய்யப்போறீங்கன்னா வேற மாதிரி எழுதணும். எப்படி எழுதட்டும்?"

"அப்படியே எழுதுங்க" என்றேன்.